தகவல் தந்தவர்: நண்பர்

அமெரிக்காவில் ஒருவர் உயிரோடு இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று வாஷிங்டனில் போய்க் கேட்டுப் பயனில்லை. நாடு முழுவதற்கும் பொதுவான பிறப்பு இறப்புப் பதிவேடு என்ற ஒன்று அங்கே கிடையாது. அந்த வேலை மாநிலங்களுடையது. மாநிலங்கள் கையில் எடுப்பதற்கு முன்பே பல இடங்களில் கவுன்டிகள் எழுதத் தொடங்கிவிட்டன, இன்றும் எழுதுகின்றன. கவுன்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அளவில் ஓர் ஒழுங்கும் இருக்காது. நான் இருக்கும் கலிபோர்னியாவில் 58 கவுன்டிகள். லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் கிட்டத்தட்ட 1 கோடிப் பேர். ஆல்பைன் கவுன்டியில் 1,200 சொச்சம் பேர். இரண்டுக்கும் தனித்தனி அலுவலகம், தனித்தனிப் பதிவேடு. நாடு முழுக்க இப்படி 3,100க்கு மேல். லூசியானாவில் இதற்குப் பாரிஷ் என்று பெயர். வெர்மான்ட், கனெக்டிகட் பக்கம் போனால் கவுன்டியில் ஒன்றும் இருக்காது, ஊர் கிளார்க்கிடம் போகச் சொல்வார்கள்.

சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் எனக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை. திருச்சி தென்னூரில் எங்கள் அடுத்த வீட்டு அத்தையால் தெரிந்துகொண்டேன். உறவில் அத்தை இல்லை. நான் நடக்கப் பழகிய காலத்திலிருந்து அத்தை. ஒரு நாள் வாட்ஸ்அப்பில் கூப்பிட்டார்.

“தம்பி, நீ கலிபோர்னியாலதானே இருக்கே? எங்க பெரிய அண்ணனும் அங்கதான் இருந்தாரு.”

இப்படி ஓர் அண்ணன் இருந்ததே எனக்கு அன்றுதான் தெரியும். கிண்டியில் சிவில் படித்துவிட்டு 1971இல் அமெரிக்கா போனவர். 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் கதவைத் திறந்துவிட்ட பிறகு போன முதல் கூட்டத்தில் ஒருவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவின் காரியத்துக்கு வரவில்லை என்று வீட்டில் ஒரு மனஸ்தாபம். கடிதங்கள் குறைந்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நின்றுபோயின. யாரும் தேடவில்லை. இப்போது தென்னூர் வீட்டை விற்று நான்கு பேரும் பிரித்துக்கொள்ள வேண்டும். வக்கீல் ஒரே வரியில் முடித்துவிட்டாராம்: அண்ணன் இருந்தால் அவர் கையெழுத்து, இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ்.

“இருந்தா எம்பத்தஞ்சு வயசு. இருக்க மாட்டாருன்னுதான் தோணுது. ஆனா நானா எப்படிச் சொல்றது?” என்றார் அத்தை. கையில் இருந்தது ஒரு பழைய ஏர்மெயில் உறையில் இருந்த முகவரி. கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் ஒரு சின்ன ஊர்.

இந்தத் தேடலில் முதலில் எல்லோரும் போகும் இடம் சோஷியல் செக்யூரிட்டி, அதாவது மத்திய அரசின் ஓய்வூதியத் திட்டம், வைத்திருக்கும் இறப்புப் பட்டியல். வேலை பார்த்த எவருக்கும் அந்தத் திட்டத்தில் ஓர் எண் இருக்கும். இறந்த செய்தி அந்த அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் பெயர் பட்டியலில் ஏறும். பெரும்பாலும் 1962க்குப் பிந்தைய இறப்புகள். வம்சாவளி தேடுகிறவர்களுக்கான ஃபேமிலிசர்ச் இணையத்தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஆனால் முழுமையான பட்டியல் அல்ல. 2011இல் மாநிலங்கள் தந்த தகவலில் இருந்து வந்த நாற்பது லட்சத்துக்கு மேற்பட்ட பதிவுகளைப் பொதுப் பட்டியலில் இருந்து எடுத்துவிட்டார்கள். 2013இல் வந்த சட்டப்படி, இறந்து மூன்று ஆண்டுகள் ஆகாதவர்களின் விவரம் வெளியாருக்குக் கிடைக்காது. இறந்தவர் பெயரைத் திருடி, கட்டாத வரியைத் திரும்ப வாங்குகிறவர்கள் அதிகமானதால் வந்த கட்டுப்பாடு.

எங்கள் சிக்கல் அது இல்லை. பெயர்தான் சிக்கல். இங்கே எல்லாப் பட்டியலும் குடும்பப் பெயரின் அகரவரிசையில் இருக்கும், நமக்கோ அப்படி ஒரு பெயரே கிடையாது. முன்னால் ஓர் இனிஷியல், பின்னால் நம் பெயர், அவ்வளவுதான். விமானம் ஏறியதும் அந்த இனிஷியல் நீண்டு அப்பா பெயராகி, குடும்பப் பெயர் ஆசனத்தில் உட்கார்ந்துகொள்ளும். அல்லது நம் பெயரே அங்கே போய்விடும். பிற்காலத்தில் வந்தவர்களில் சிலருக்குப் பாஸ்போர்ட்டில் ஒரே பெயர் இருந்ததால், விசாவில் முதல் பெயர் ‘எஃப்என்யூ’ என்று விழுந்துவிட்டது. முதல் பெயர் தெரியவில்லை என்று அர்த்தம். அதே பெயரில் ஓட்டுநர் உரிமம், வங்கிக் கணக்கு எல்லாம் வைத்திருப்பவர்களை எனக்கே தெரியும். அவர்களை நாளைக்கு யாராவது தேடினால் என்ன ஆகும் என்று நினைத்தால் கொஞ்சம் சிரிப்பும் வருகிறது.

எழுத்துக்கூட்டல் பிரச்சினைக்கு அமெரிக்கர்கள் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். சவுண்டெக்ஸ் என்று பெயர். 1918இல் காப்புரிமை பெற்றது. பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உயிரெழுத்துகளை விட்டுவிட்டு, ஒரே மாதிரி ஒலிக்கும் மெய்களுக்கு ஒரே எண் கொடுப்பது. மூன்று எண் வந்ததும் நிறுத்திக்கொள்வது. சுப்பிரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுவார்கள் என்று உங்களுக்கே தெரியும். ‘எம்’ என்று முடிப்பவர், ‘என்’ என்று முடிப்பவர், நடுவில் ‘எச்’ போடுபவர், போடாதவர். போட்டுப் பார்த்தேன், அத்தனையும் எஸ்-165 என்ற ஒரே பெட்டிக்குள் விழுகின்றன. சண்முகமும் அப்படித்தான், எஸ்-525. ஆனால் யாழ்ப்பாணத்தில் சிலர் எழுதுவது போல அதை ஆங்கில ‘சி’யில் தொடங்கிவிட்டால் வேறு பெட்டி. முதல் எழுத்து மாறினால் சவுண்டெக்ஸ் கைவிட்டுவிடும்.

அத்தையின் அண்ணன் எந்தப் பெட்டியிலும் அகப்படவில்லை. பெயரை விட்டுவிட்டுப் பிறந்த தேதியில் தேடலாம் என்று அத்தையிடம் கேட்டேன். “ஐப்பசி மாசம், கிருத்திகை நட்சத்திரம்” என்று உடனே பதில் வந்தது. அந்தத் தலைமுறைக்குப் பிறந்த நாள் ஒன்று, பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது வாத்தியார் எழுதிய நாள் ஒன்று. அமெரிக்காவுக்குப் போனது இரண்டாவது நாள்தான். பரணில் இருந்த டிரங்குப் பெட்டியில் அவருடைய எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம் பத்திரமாக இருந்தது. அத்தை அதைப் படம் பிடித்து அனுப்பினார். ஜூன் மாதத்துத் தேதி.

கலிபோர்னியாவில் 1940 முதல் 1997 வரை இறந்தவர்களுக்கு ஒரு மாநிலப் பட்டியல் இருக்கிறது. பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், இறந்த தேதி, இறந்த கவுன்டி. இவற்றோடு இன்னொரு நல்ல விஷயம், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரும் இருக்கும். அந்த ஜூன் தேதியைப் போட்டுப் பார்த்ததில், அப்பா பெயரின் முதல் பாதி குடும்பப் பெயராகவும், சொந்தப் பெயர் அமெரிக்க வாய்க்கு வசதியாகச் சுருங்கியும் ஒருவர் வந்தார். பிறந்த இடம்: ‘வேறு நாடு’. இந்தியா என்றுகூட இல்லை. இறந்தது 1996. தாயின் குடும்பப் பெயர் என்ற இடத்தில், தமிழ்ப் பெண் ஒருவரின் பெயர், ஓர் எழுத்துக் குறைவாக.

அதை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “அம்மா பேரு” என்றார்.

முகவரி இருந்தது ஒரு கவுன்டி, பட்டியல் சொன்னது பக்கத்துக் கவுன்டி. இது மிகச் சாதாரணம். ஒருவர் எங்கே குடியிருந்தாரோ அங்கே இல்லை, எங்கே உயிர் பிரிந்ததோ அந்தக் கவுன்டியில்தான் இறப்பு பதிவாகும். சின்ன ஊர்க்காரர்களை ஆம்புலன்ஸ் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்; அது எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும். அடக்கம் மூன்றாவது கவுன்டியில் நடக்கலாம். சான் பிரான்சிஸ்கோவை எடுத்துக்கொள்ளுங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த நகரத்துக்குள் புதைக்கத் தடை போட்டு, இருந்த கல்லறைகளையும் பெரும்பாலும் பெயர்த்து, தெற்கே கோல்மா என்ற ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். கோல்மா இருப்பது சான் மட்டேயோ கவுன்டியில். ஆக இறப்புத் தாள் ஓரிடம், கல் வேறிடம். அதிலும் 1906 ஏப்ரல் நிலநடுக்கமும் அதைத் தொடர்ந்த தீயும் சான் பிரான்சிஸ்கோவின் பழைய பிறப்பு இறப்புப் பதிவுகளில் பெரும்பகுதியைத் தின்றுவிட்டன. அதற்கு முன் இறந்தவர்களைத் தேடுகிறவர்கள் செய்தித்தாளையும் சவ அடக்க நிறுவனங்களின் பழைய கணக்குப் புத்தகங்களையும்தான் நம்பியிருக்கிறார்கள். சிகாகோவுக்கு 1871 தீ.

கவுன்டி மாறி இறந்தவர் என்றால் எனக்கு வைஷ்ணோ தாஸ் பகாய் நினைவுக்கு வருகிறார். பெஷாவரில் இருந்து 1915இல் மனைவி, மூன்று மகன்களோடு சான் பிரான்சிஸ்கோ வந்து கடை வைத்தவர். 1921இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில் இந்தியர்கள் குடியுரிமைக்கு உரிய ‘வெள்ளையர்’ ஆக மாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும், கொடுத்த குடியுரிமையைத் திரும்பப் பிடுங்கிக்கொண்டார்கள். 1928இல் சான் ஹோசேவுக்குப் போய்த் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். சான் ஹோசே, சான்டா கிளாரா கவுன்டி. ஏன் இந்த முடிவு என்று அவர் எழுதி வைத்த கடிதத்தைச் சான் பிரான்சிஸ்கோ எக்ஸாமினர் வெளியிட்டது. இறப்புச் சான்றிதழ் என்ற படிவத்தில் உடலுக்கு என்ன நேர்ந்தது என்று எழுதத்தான் கட்டம் உண்டு. நாடு என்ன செய்தது என்பது செய்தித்தாளில்தான் வந்தது. இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டும் என்று சொல்வதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, கவுன்டி அலுவலகம். நிலப் பத்திரம், திருமண உரிமம், பிறப்பு, இறப்பு எல்லாம் ஒரே கவுன்ட்டர். நான் போன அன்று எனக்கு முன்னால் வரிசையில் வெள்ளைக் கவுனும் செருப்புமாக ஒரு மணப்பெண், பக்கத்தில் டை கட்டிய பையன். அவர்களுக்குப் பின்னால் இறந்தவரைத் தேடி நான். படிவத்தில் பெயர், இறந்த தேதி, இறந்த ஊர் எழுதிக் கொடுத்தேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா, “எந்த நகல் வேண்டும்?” என்றார்.

2003இல் இருந்து கலிபோர்னியாவில் இரண்டு வகை நகல். பெற்றோர், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், கணவன் மனைவி என்று சட்டம் வரிசைப்படுத்தியவர்களுக்கு அதிகாரபூர்வ நகல். மற்ற எவருக்கும் தகவல் நகல். அதே தாள்தான், அதே கட்டணம்தான். ஆனால் அடையாளத்தை நிறுவ இது செல்லாது என்று குறுக்கே அச்சடித்துக் கொடுப்பார்கள். பக்கத்து வீட்டுப் பையன் என்ற உறவு சட்டத்தின் பட்டியலில் இல்லை. தகவல் நகல் வாங்கிக்கொண்டேன். இந்த விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒஹாயோவில் யார் வேண்டுமானாலும் யாருடைய இறப்புச் சான்றிதழையும் வாங்கலாம். மிசூரி மாநிலம் 1910இல் இருந்து, ஐம்பது ஆண்டு கடந்த சான்றிதழ்களை எல்லாம் படமாகவே இணையத்தில் போட்டு வைத்திருக்கிறது, காசே வேண்டாம். நியூயார்க் மாநிலத்தில் வம்சாவளி தேடுகிறவர்கள் ஐம்பது ஆண்டு காத்திருக்க வேண்டும்.

எந்த ஆண்டில் இருந்து பதிவு இருக்கும் என்பதும் அப்படித்தான். மாசச்சூசெட்ஸ் 1841இலேயே மாநில அளவில் தொடங்கிவிட்டது. கலிபோர்னியா 1905. ஒஹாயோ 1908; அதற்கு முன் 1867 முதல் கவுன்டி உயில் நீதிமன்றங்கள் ஒரு பேரேட்டில் ஒரு வரி எழுதி வைத்தன, பல நேரம் அதுவும் இல்லை. 1880இல் இறப்புகளை உருப்படியாகப் பதிவு செய்யும் பகுதி என்று மத்திய அரசு ஒன்றை வரையறுத்தபோது அதில் இடம்பிடித்த மாநிலங்கள் இரண்டே. கடைசி மாநிலமான டெக்சாஸ் உள்ளே வர 1933 ஆகிவிட்டது.

இனி அந்தத் தாள். இதைப் படிக்கத் தெரிந்துகொண்டதுதான் இந்த அலைச்சலில் எனக்குக் கிடைத்த லாபம்.

ஒரே பக்கம், நுணுக்கி நுணுக்கிக் கட்டங்கள். கீழ்ப் பாதி மருத்துவருடையது. உடனடிக் காரணம், அதற்குக் காரணம், அதற்கும் காரணம், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு நேரம் முன்பிருந்து என்று. அண்ணனுக்கு மாரடைப்பு, ‘நிமிடங்கள்’ என்று எழுதியிருந்தது. மருத்துவர் பார்க்காமல் இறந்தாலோ சந்தேகம் இருந்தாலோ இந்தப் பகுதியைக் கொரோனர் என்ற, இறப்பை விசாரிக்கும் கவுன்டி அதிகாரி எழுதுவார். கலிபோர்னியாவில் பெரும்பாலான கவுன்டிகளில் தேர்தலில் ஜெயித்த ஷெரிஃப்பே, அதாவது கவுன்டிப் போலீஸ் தலைவரே, கொரோனரும்கூட. மருத்துவருக்கு 15 மணி நேரம், கொரோனருக்கு மூன்று நாள், மொத்தத் தாளும் பதிவாக எட்டு நாள் என்பது கெடு. பதிவாகாமல் உடலை எரிக்கவோ புதைக்கவோ முடியாது.

மேல் பாதி வேறு ஜாதி. பெயர், பிறந்த தேதி, பெற்றோர், இனம், படிப்பு, தொழில். இதில் ஒன்றையும் யாரும் சரிபார்ப்பதில்லை. சவ அடக்க நிறுவனத்தின் மேசைக்கு எதிரே உட்கார்ந்த ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியது. அப்படிச் சொன்னவர் யார் என்பதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது: தகவல் தந்தவர் பெயர், உறவு, முகவரி. பழைய சான்றிதழ் எதைக் கையில் எடுத்தாலும் அந்தக் கட்டத்தை முதலில் படியுங்கள். மனைவி சொன்னதா, மருமகன் சொன்னதா, வாடகை வீட்டு மேனேஜர் சொன்னதா என்று தெரிந்தால்தான் மற்றக் கட்டங்களுக்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று தெரியும். எண்பது வயதுக் கிழவரின் தாயார் பெயரை அவருடைய மருமகன் எங்கே கேட்டிருப்பான்? தெரியவில்லை என்று எழுதியிருந்தால் அது நேர்மை. யாருமே இல்லாதவர்களுக்கு அந்தக் கட்டத்தில் ஆஸ்பத்திரிப் பதிவு, கவுன்டிப் பதிவு என்று எழுதியிருக்கும். ஒரு தாள் இன்னொரு தாளுக்குச் சாட்சி.

தொழில் என்ற கட்டத்துக்குள்ளேயே ‘ஓய்வு பெற்றவர் என்று எழுதாதே’ என்று அச்சடித்திருக்கிறார்கள். வாழ்நாளில் அதிகம் எந்த வேலை செய்தாரோ அதை எழுத வேண்டும். எனக்கு அது பிடித்திருந்தது. அண்ணனுக்கு: சிவில் இன்ஜினியர், நெடுஞ்சாலை, 24 ஆண்டு. கலிபோர்னியாவில் இன்னொரு கட்டம், இந்தக் கவுன்டியில் எத்தனை ஆண்டு என்று. 19. தந்தை பெயர் கட்டத்தில் ஒரு கூத்து. மகனின் குடும்பப் பெயர்தான் தந்தைக்கும் குடும்பப் பெயராக இருக்க வேண்டும் என்பது இங்கத்திய கணக்கு. அதனால் தந்தையின் பெயரையே தந்தையின் குடும்பப் பெயராக எழுதி, அவருடைய சொந்தப் பெயர் ‘தெரியவில்லை’ என்று முடித்திருந்தார்கள். தாயின் பெயர் மட்டும் கிட்டத்தட்ட சரி.

உடல் எங்கே போனது என்ற கட்டத்தில்: தகனம்; சாம்பல், மரின் கவுன்டிக் கரைக்கு அப்பால் கடலில்.

தகவல் தந்தவர் ஒரு பெண். ஸ்பானியப் பெயர். உறவு: நண்பர்.

அத்தைக்குப் படத்தை அனுப்பிவிட்டு ஒவ்வொரு கட்டமாகச் சொன்னேன். கடல் என்றதும், “சரி, தண்ணியிலதான் கரைச்சிருக்காங்க” என்றார். அம்மா மண்டபப் படித்துறைக்கு வந்திருக்க வேண்டிய சாம்பல் என்று நினைத்தாரோ என்னவோ, சொல்லவில்லை. கடைசிக் கட்டத்தைச் சொன்னபோதுதான் குரல் மாறியது. “யாருப்பா அந்தப் பொண்ணு? அம்மா பேரு அவளுக்கு எப்படித் தெரியும்? இவர் சொல்லாமத் தெரியுமா? அப்பா பேரைச் சொல்லல பாரு, அம்மா பேரைச் சொல்லியிருக்காரு.”

நம்மவர்களின் தாள்கள் 1970களுக்குப் பின்தான் இந்தப் பதிவேடுகளில் கணிசமாக வரத் தொடங்குகின்றன. அதற்கு அறுபது எழுபது ஆண்டு முன்னாலேயே வந்துவிட்ட பஞ்சாபிகளின் நிலைமை இன்னும் மோசம். கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கிலும் மேரிஸ்வில், யூபா சிட்டி பக்கத்திலும் விவசாயக் கூலிகளாகவும் குத்தகைக்காரர்களாகவும் வாழ்ந்தவர்கள். சீக்கியர், முஸ்லிம், இந்து என்று யாராக இருந்தாலும் இங்கே எல்லோரும் ‘ஹிந்து’. 1920, 1930, 1940 மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளில் அது ஓர் இனத்தின் பெயராகவே இருந்தது. பலர் மெக்சிகோப் பெண்களைக் கல்யாணம் செய்துகொண்டார்கள். கவுன்டி கிளார்க் திருமண உரிமத்தில் இனம் என்ற இடத்தில் தன் கண்ணுக்குப் பட்டதை எழுதினார். ஓர் ஊரில் ‘பழுப்பு’, ஓர் ஊரில் ‘கறுப்பு’, ஓர் ஊரில் ‘வெள்ளை’. இறந்தால் சீக்கியர்களுக்குத் தகனம். தேடிப் போகக் கல்லறை இருக்காது. பெயர் சிங், தந்தை பெயர் சிங், பிறந்த இடம் இந்தியா. சவுண்டெக்ஸில் சிங் என்பதை எச் போட்டு எழுதினாலும் போடாமல் எழுதினாலும் எஸ்-520தான். எச் இல்லாத சிங் சீனர்களிலும் நிறைய. ஜலந்தரிலோ ஹோஷியார்பூரிலோ இருக்கும் ஒரு குடும்பம் தங்கள் கொள்ளுத்தாத்தாவை அந்தப் பெட்டியில் இருந்து பிரித்தெடுப்பது எவ்வளவு சிரமம் என்று பாருங்கள்.

தாளில் இல்லாதது இரங்கல் செய்தியில் இருக்கலாம். அதற்குக் கவுன்டி அலுவலகத்தை விட்டுவிட்டு ஊர் நூலகத்துக்குப் போக வேண்டும். இறந்த தேதி கையில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெரும்பாலான பொது நூலகங்களில் உள்ளூர்ச் செய்தித்தாள் மைக்ரோஃபிலிமில் இருக்கும். பல இடங்களில் தன்னார்வலர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்ற பாட்டிமார்கள், இரங்கல் செய்திகளுக்கு மட்டும் தனி அட்டவணை போட்டு வைத்திருப்பார்கள். மின்னஞ்சல் அனுப்பினால் தேடி ஸ்கேன் செய்து அனுப்புகிற நூலகங்களும் உண்டு. ரொம்பப் பழசு என்றால் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத் தொகுப்பும், கலிபோர்னியாவுக்கு மட்டும் ரிவர்சைட் பல்கலைக்கழகம் நடத்தும் செய்தித்தாள் தொகுப்பும் இலவசம். பெண்களைத் தேடும்போது கணவர் பெயரைப் போட்டுத் தேட வேண்டும். அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகையில் திருமணமான பெண்ணுக்குச் சொந்தப் பெயரே இருக்காது, திருமதி இன்னார் என்று கணவர் பெயர்தான்.

நூறு ஆண்டு முன்பு சிற்றூர்ப் பத்திரிகைகள் இதைச் செய்தியாக, காசு வாங்காமல் போட்டன. எந்தக் கப்பலில் வந்தார், எந்தக் குதிரை உதைத்தது, கடைசி நாளில் என்ன சாப்பிட்டார் வரைக்கும் எழுதுவார்கள். வம்சாவளி தேடுகிறவர்களுக்கு அது புதையல். இப்போது இரங்கல் செய்தி என்பது குடும்பம் எழுதி, வரிக்கு இவ்வளவு என்று கட்டணம் கட்டி வெளியிடும் விளம்பரம். பெரிய நாளிதழில் சுமாரான நீளத்துக்கே சில நூறு டாலர் ஆகிவிடும். அதனால் அதில் வருபவர் எல்லோரும் அன்பான தந்தை, எல்லோருக்கும் தோட்டம் பிடிக்கும், எல்லோரும் அமைதியாகக் கண்மூடியவர்கள். நம் ஊர்க் கண்ணீர் அஞ்சலி போஸ்டரில் எல்லோரும் சிரித்த முகமாக இருப்பதைப் பார்த்த எனக்கு இதில் புகார் ஒன்றும் இல்லை. ஆராய்ச்சிக்கு உதவுவது கடைசிப் பத்திதான். அவருக்குப் பின் இருப்பவர்கள் யார், முன்பே போனவர்கள் யார், யார் எந்த ஊரில் என்று. உயிரோடு இருக்கும் உறவினரைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல வழி இல்லை.

எழுத ஆளில்லாதவர்களுக்கு? அண்ணனுடைய தேதியைக் கொடுத்ததும் நூலகத்தில் இருந்து ஒரு ஸ்கேன் வந்தது. இறப்பு அறிவிப்புகள் என்ற தலைப்பில் சவ அடக்க நிறுவனங்கள் அனுப்பும் பொடி எழுத்துப் பட்டியல். பெயர், வயது, ஊர், நிறுவனத்தின் பெயர். இரண்டு வரி. அவருக்கு மேலும் கீழும் பட்டியலில் இருந்தவர்கள் சிலருக்கு அதே பக்கத்தில் புகைப்படத்தோடு நீண்ட இரங்கல் செய்தி இருந்தது.

அந்த இரண்டு வரியும் இல்லாமல் போகிறவர்கள் உண்டு. உறவினர் யாரும் முன்வராவிட்டால் கவுன்டியே எரித்துவிடும். சொத்து ஏதாவது இருந்தால் பப்ளிக் அட்மினிஸ்ட்ரேட்டர் என்ற கவுன்டி அதிகாரி பொறுப்பேற்று, வாரிசைத் தேடுவார். லாஸ் ஏஞ்சலஸில் பாய்ல் ஹைட்ஸ் பகுதியில் 1896 முதல் கவுன்டிக்குச் சொந்தமான மயானம் ஒன்று இருக்கிறது. யாரும் வாங்க வராத சாம்பலைச் சுமார் மூன்று ஆண்டு வைத்திருந்து, ஓர் ஆண்டுக்கு உரிய அத்தனை பேரையும் ஒரே குழியில் சேர்ப்பார்கள். சமீப ஆண்டுகளில் ஒரு குழிக்கு 1,500 பேருக்கு மேல். கல்லில் பெயர் கிடையாது, எரித்த ஆண்டு மட்டும். டிசம்பரில் பல மதப் பிரார்த்தனைகளோடு ஒரு சடங்கு நடக்கும், சம்பந்தமே இல்லாத ஊர்க்காரர்கள் வந்து நிற்பார்கள். ஆனால் அந்தக் குழியில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் கவுன்டிப் பதிவாளர் அலுவலகத்தில் ஒரு தாள் உண்டு. மற்றவர்களுக்கு இருக்கும் அதே ஒரு பக்கம், அதே கட்டங்கள்.

அண்ணனுக்கு அந்த நிலைமை வராமல் போனதற்கு அந்த ‘நண்பர்’தான் காரணம் என்பது எங்கள் முடிவு. தகனச் செலவு, கடல் வரைக்கும் படகு, எல்லாம் யாரோ ஒருவர் முன்னின்று செய்திருக்க வேண்டும்.

அப்புறம் காகித வேலை. அத்தை உடன்பிறந்தவர் என்பதால் அதிகாரபூர்வ நகல் கேட்க உரிமை உண்டு. தபாலில் கேட்டால் உறுதிமொழியில் நோட்டரி முன் கையெழுத்திட வேண்டும். சென்னையில் ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் அந்தச் சேவை கிடைக்கிறது. விசா வரிசையில் நிற்கும் பிள்ளைகளுக்கு நடுவில் பட்டுப் புடவையில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். நகல் வந்ததும் சாக்ரமென்டோவில் மாநிலச் செயலர் அலுவலகத்தில் அப்போஸ்டில் முத்திரை, அதாவது இந்தத் தாள் அசல்தான் என்று வெளிநாட்டுக்குச் சொல்லும் சான்று. இந்த முத்திரையை ஏற்கும் நாடுகளின் ஒப்பந்தத்தில் இந்தியா 2005இல் சேர்ந்துவிட்டதால், அதற்குமேல் தூதரகம் தூதரகமாக அலைய வேண்டாம். இதில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: அண்மையில் நடந்த இறப்புக்குக் கவுன்டி சுகாதார அலுவலர் கையெழுத்திட்ட நகல்தான் கிடைக்கும், அதற்கு நேரே அப்போஸ்டில் போட மாட்டார்கள், கவுன்டி கிளார்க்கின் சான்று இன்னொன்று வேண்டும்.

திருச்சியில் வக்கீல் தாளைப் பார்த்துவிட்டு, பட்டாவில் இருக்கும் பெயர் வேறு, இதில் இருக்கும் பெயர் வேறு என்றாராம். எதிர்பார்த்ததுதான். இரண்டு பெயரும் ஒருவருடையதே என்று மற்ற உடன்பிறந்தவர்கள் பிரமாணப் பத்திரம் கொடுக்கிறார்கள். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்து ஜூன் தேதிதான் அதற்கும் ஆதாரம்.

அத்தைக்கு அதில் எல்லாம் பெரிய ஆர்வம் இல்லை. சான்றிதழில் இருந்த அந்தப் பெண்ணின் முகவரிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பிடிவாதம். இத்தனை வருஷம் கழித்து அங்கே யார் இருப்பார்கள் அத்தை என்றேன். “எங்க அண்ணனுக்குக் கொள்ளி போட்டவ. ஒரு நன்றி சொல்ல வேண்டாமா?” என்றார். அவர் தமிழில் சொல்ல, நான் ஆங்கிலத்தில் எழுத, எங்கள் ஆபீசில் ஒருவர் ஸ்பானிஷிலும் எழுதிக் கொடுத்தார். போன வாரம் தபாலில் போட்டேன். பத்திரப் பதிவு ஆடி கழித்து.